கை தூக்கவில்லை, கையெழுத்துத்தான்

சியாவ் பிங்-குன்னின் அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன் என்று சொன்னால், எங்கள் ஊரில் இன்றைக்கும் சிலர் காறித் துப்பிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவார்கள். பாக்கு மெல்லுகிறவர்களாக இருந்தால் சிவப்பாகத் துப்புவார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லும்போது எனக்கே ஊசிப்போன எதையோ கடித்த மாதிரி வாய் கசக்கிறது.

நான்கு முறை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவன். முன்பெல்லாம் ‘அவர்’ என்றுதான் சொல்வேன். இப்போது நாக்கு வளையவில்லை. நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதால் ‘அவன்’ என்று சொல்ல எனக்கு உரிமையும் உண்டு.

பிறவியிலேயே அவன் அப்படி இல்லை. வயிற்றெரிச்சலே அங்கேதான்.

எங்கள் ஊர் கடல் மட்டத்துக்குக் கீழே இறங்கிப்போன ஊர். மட்டி வளர்க்கும் குட்டைகளுக்காக நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, வீடுகளின் ஜன்னல்கள் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டன. பிங்-குன் அப்போது ஐஸ் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். வயது இருபத்தொன்பது. அந்த வருடப் புயலில் கடல் தடுப்புக்கரை உடைந்து, விடிந்தும் விடியாததுமாகத் தண்ணீர் உள்ளே வந்தது. லாரியை மேட்டில் விட்டுவிட்டு, சிப்பித் தெப்பத்தின் மிதவைகள் நான்கைக் கயிற்றால் கட்டி, மேலே ஒரு கதவைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனான். கிழவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் அந்தக் கதவில் ஏற்றி கோயில் மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். மட்டிக் குட்டை வைத்திருந்த தூ மாமாவின் மனைவியை மட்டும் உயிரோடு கொண்டுவர முடியவில்லை. சாமி மேஜைக்கு அடியில் சிக்கிக் கிடந்தவளை மூழ்கி எடுத்தான். தன் சட்டையைக் கழற்றி அவள் முகத்தை மூடினான். சவப்பெட்டி வரும்வரை வெற்றுடம்போடு மழையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். யாரும் சொல்லி அல்ல. நான் கண்ணால் பார்த்தேன்.

அதன்பிறகு மாவட்ட அலுவலகத்துக்குப் போனான். ஊருக்கு நீர் இறைக்கும் நிலையம் வேண்டும் என்று வராந்தாவில் நான்கு நாள் உட்கார்ந்தான். சேறு காய்ந்த அதே காற்சட்டை. ஓர் அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு, “எழுந்து அந்தப் பக்கம் போய்யா, நாத்தம் தாங்கல” என்றார்.

“எங்க ஊரு பூரா இதே நாத்தம்தான் சார். ஒரு தடவ வந்து மோந்து பாத்துட்டுப் போங்க” என்றான் பிங்-குன்.

அந்த ஒரு வாக்கியம் ஊரெல்லாம் பரவியது. அதைக் கேட்டுத்தான் அரக்குக் கட்சிக்காரர்கள் அவனைத் தேடி வந்தார்கள். எங்கள் பக்கம் கட்சிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது; பிரசாரத்துக்குப் போட்டுவரும் கையில்லாத மேல்சட்டையின் நிறத்தைச் சொன்னால் போதும். அரக்கு என்றால் பல தலைமுறையாக ஆண்ட கட்சி. ஊதா என்றால் எதிர்க்கட்சி. மஞ்சள் என்றால் இரண்டுக்கும் நடுவே பின்னால் முளைத்தது. எந்தக் கட்சியும் இல்லாதவர்களுக்கு வெள்ளை.

அரக்குக் கட்சியில் நகரசபை, பிறகு மாவட்ட சபை, பிறகு தலைநகர் தைபேயில் நாடாளுமன்றம். மீனவர் சங்கத்தில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்த என்னை, “லுவான், எனக்குப் பேச வருது, எழுத வரமாட்டேங்குது. நீ வந்துடு” என்று கூப்பிட்டான். போனேன். நீர் இறைக்கும் நிலையமும் வந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். முதல் முறை மோட்டார் ஓடி, தெருத் தண்ணீர் வாய்க்காலில் விழுந்தபோது அவன் அழுதான். அது உண்மையான அழுகை. அதற்குப் பிறகு அவன் அழுததில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது.

ஏனென்றால் அழுவது அவனுடைய வேலையாகிவிட்டது. தொகுதியில் யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு என்று பட்டியல் எடுப்பது என் பொறுப்பு. ஒரு நாளைக்கு நான்கு சாவு வீடு, மூன்று கல்யாண விருந்து. காரில் ஏறியதும் கேட்பான்:

“யாரு செத்தது?”

“பாலத்துக்கிட்ட வலை தைக்கிறாரே, அவரோட அம்மா.”

“என்ன வயசு?”

“எண்பத்தேழு.”

“அப்ப கண்ணு கலங்குனா போதும்ல?”

முதல் தடவை கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். சிரித்தேன் என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். போகப்போக, வயதைச் சொல்லும்போதே “இது கொஞ்சம் சத்தமா அழ வேண்டிய வீடு” என்று நானே சேர்த்துச் சொல்லப் பழகிக்கொண்டேன்.

இரண்டாம் முறை போட்டியிட அரக்குக் கட்சி அவனுக்கு இடம் தரவில்லை. வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. மறுநாளே வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தான். தேர்தலுக்கு முந்தின சாயங்காலம், சந்தை முக்கில், மழையில், மனைவி மக்களோடு முழங்காலிட்டான். “இந்த பிங்-குன்னுக்கு இனிமே கட்சி கிடையாது, நீங்கதான் கட்சி!” என்று ஒலிபெருக்கியில் கதறினான். மீன் விற்கிற பெண்கள் எல்லாரும் கூடையைக் கீழே வைத்துவிட்டு அழுதார்கள். முழங்காலுக்கு அடியில் நுரை அட்டை போடச் சொன்னவன் அவன். போட்டவள் நான்.

ஜெயித்தான். எட்டே மாதத்தில் ஊதாக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அலுவலகத்தின் பெயர்ப்பலகையை இறக்கி ஊதா அடித்து மாட்டினோம்.

மீந்துபோன அரக்கு, வெள்ளைச் சட்டைகளை மூட்டை கட்டி சிப்பி உடைக்கிற கொட்டகையில் கொடுத்துவிட்டேன். நல்ல துணி, சீக்கிரம் காயும். அந்தப் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். ‘சியாவ் பிங்-குன் – உங்கள் மகன்’ என்ற எழுத்தின்மேல் சிப்பிச் சேறு வழிந்துகொண்டிருக்கும். அவன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒருத்தி எழுந்து முதுகைக் காட்டி, “குன் அண்ணே, இது எந்த வருஷத்து மகன்?” என்று கேட்பாள். கொட்டகையே சிரிக்கும். அவனும் சிரிப்பான். கூச்சமே இல்லாமல் சிரித்தான். அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும்.

தூ மாமா மட்டும் சிரிக்கவில்லை. மனைவி போனபிறகு மகள் பீ-சியாவோடு மட்டிக் குட்டையைப் பார்த்துக்கொண்டு இருந்தவர். அலுவலகத்துக்கு வந்து டீ குடிப்பது அவர் வழக்கம். “நண்டும் ஓடு மாத்துது குன்னு. ஆனா அது வளந்ததால மாத்துது” என்றார். “நீ எதுக்குடா மாத்துற?”

“ஊருக்காகத்தான் மாமா. ஆட்சியில இருக்கிறவன்கூட இருந்தாத்தானே காரியம் நடக்கும்?”

“சரி, நடத்து” என்றார் அவர். சட்டையைக் கழற்றி மனைவியின் முகத்தை மூடியவனிடம் அவரால் அதற்குமேல் பேச முடியவில்லை.

மூன்றாம் முறை ஊதாச் சட்டையில் ஜெயித்தான். அது முடியும் நேரத்தில்தான் சாம்பல் விவகாரம் கிளம்பியது. ஊருக்கு வடக்கே கைவிட்ட உப்பளங்கள் இருக்கின்றன. எங்கெங்கோ உள்ள உலைகளின் சாம்பலையும் கசடையும் கொண்டுவந்து அதில் நிரப்ப ஒரு நிறுவனம் திட்டம் போட்டது. உப்பளத்துக்கும் மட்டிக் குட்டைகளுக்கும் நடுவே ஒரே ஒரு வாய்க்கால்தான். அந்த நிலத்தைக் காக்கிற சட்டத்தை நாடாளுமன்றத்தில் திருத்தினால்தான் திட்டம் நடக்கும். ஊர் கொதித்தது. “நம்ம ஆளு என்ன சொல்றான்?” என்று எல்லாரும் அலுவலகத்து வாசலில் வந்து நின்றார்கள்.

“வாங்யே கோயில்ல சேவல் வெட்டி சத்தியம் பண்றேன்” என்றான் பிங்-குன்.

வாங்யே எங்கள் ஊர்க் காவல் சாமி. எங்கள் பக்கம் அதற்குமேல் ஒரு சத்தியம் கிடையாது. சாமி முன்னால் சேவலின் தலையை வெட்டி, சொன்ன சொல் தவறினால் எனக்கும் இதே கதி என்று சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் பொய் சொல்கிறவன்கூட அதற்கு நடுங்குவான். சத்திய வாசகத்தை நான்தான் எழுதினேன். ‘இந்தத் திருத்தத்தை நான் ஆதரித்தால்’ என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்தவன் பேனாவை என் பக்கம் நீட்டினான்.

“‘ஆதரிச்சா’ வேண்டாம் லுவான். ‘கை தூக்குனா’ன்னு போடு.”

“ஏன்?”

“ஜனங்களுக்குக் கண்ணு முன்னாடி தெரியணும்ல. ஆதரிக்கிறதெல்லாம் வக்கீல் பேச்சு.”

எனக்கும் அது நன்றாகத்தான் பட்டது. மாற்றி எழுதினேன்.

கோயில் முற்றத்தில் நிற்க இடமில்லை. செவ்வந்தி நிறச் சேவல், பளபளவென்று இருந்தது. கழுத்தைக் கட்டையில் வைத்து ஒரே போடு. தலை தனியாக உருண்டது. உடம்பு இறக்கையை அடித்துக்கொண்டு ஊதுவத்திச் சாம்பலில் புரண்டது. அவன் ஊதாச் சட்டையின் நெஞ்சில் ரத்தம் தெறித்தது. “அந்தத் திருத்தத்துக்கு நான் கை தூக்குனா, வாங்யே சாமி, என் கழுத்தும் இப்படியே போகட்டும்!” என்று கத்தினான். வெடிச்சத்தம் காதைப் பிளந்தது. தூ மாமா அவன் இரண்டு கையையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

சத்தியத்துக்கு வெட்டின சேவலைச் சாப்பிடக் கூடாது, புதைக்க வேண்டும். புதைக்கச் சொல்லி ஓட்டுநரிடம் கொடுத்திருந்தேன். மத்தியானம் அலுவலகத்தின் பின்கட்டில் நல்லெண்ணெயும் இஞ்சியும் வதங்குகிற வாசனை. பிங்-குன் பெரிய கிண்ணத்தை வைத்துக்கொண்டு தொடைக்கறியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“இது அந்தச் சேவலா?”

“நல்ல நாட்டுச் சேவல். மண்ணுல போட்டா யாருக்கு லாபம்? உக்காரு, சூடா இருக்கு.”

நான் உட்காரவில்லை. ஆனால் போய்விடவும் இல்லை. அவன் ஒரு கிண்ணத்தில் குழம்பு மட்டும் ஊற்றி நீட்டினான். பசி. குடித்துவிட்டேன். அந்த நல்லெண்ணெய் ருசி இன்னும் தொண்டையைவிட்டு இறங்கவில்லை.

நான்காம் முறை இதுவரை இல்லாத ஓட்டில் ஜெயித்தான். பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஊதாக் கட்சியை விட்டு மஞ்சள் கட்சிக்குப் போனான். இரு பெரிய கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத சபை அது. மஞ்சள் கட்சிக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான், ஆனால் அவர்கள் சாய்கிற பக்கம்தான் காரியம் நடக்கும். போன அன்றைக்கே அவனை அக்கட்சியின் பேச்சுவார்த்தைப் பிரதிநிதி ஆக்கினார்கள். எல்லாக் கட்சிப் பிரதிநிதிகளும் ஓர் அறையில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால், மசோதா ஓட்டெடுப்பே இல்லாமல் நிறைவேறிவிடும். அப்படி ஒரு வழி இருப்பது ஊரில் பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை தைபே அலுவலகத்திலிருந்து ஃபேக்ஸ் வந்தது. உப்பளத் திருத்தம். கீழே கையெழுத்துகள். மூன்றாவதாக, ‘சியாவ்’ என்பதன் மேற்கோட்டை நீட்டி இழுத்த அந்தக் கையெழுத்து. அதை அவனைவிட அதிகம் போட்டவள் நான். ஆயிரக்கணக்கான இரங்கல் அட்டைகளில். கள்ளக் கையெழுத்தாக இருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். அது கள்ளமில்லை.

போன் போட்டேன்.

“என்ன பண்ணி வச்சிருக்க?”

“பதறாத. நான் கை தூக்குனேனா? டிவியில பாத்துக்க, ரெண்டு கையும் மேஜை மேலதான் இருந்துச்சு. கையெழுத்துத்தான் போட்டேன்.”

“சாமி முன்னாடி…”

“சாமி முன்னாடி சொன்னதுல ஒரு எழுத்துகூட மீறல லுவான். வாசகம் நீ எழுதினதுதானே? எடுத்துப் பாரு.”

எடுத்துப் பார்த்தேன். ‘கை தூக்கினால்.’ என் கையெழுத்தில். அப்படியென்றால் சேவலை வெட்டுவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிவாகியிருந்தது.

அன்றைக்கே வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. ஐம்பது வயது. தெருவில் போனால் “லுவான் அக்கா, லுவான் அக்கா” என்று பத்துப் பேர் வருவார்கள். அந்த நாற்காலியை விட்டால் நான் யார் என்று பயமாக இருந்தது. வாசலில் வந்து கத்தியவர்களிடம், “அது வெறும் பேச்சுவார்த்தைக் குறிப்புதான், இன்னும் ஒண்ணும் முடிவாகல” என்று வாய் கூசாமல் சொன்னேன். சேவலைத் தின்றவன் அவன் என்றால் குழம்பைக் குடித்தவள் நான்.

சாம்பல் லாரிகள் மறு வருடம் வந்தன. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் வாய்க்காலை ஒட்டிய குட்டைகளில் மட்டி சாக ஆரம்பித்தது. செத்த மட்டியின் நாற்றத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்; துணியில் ஏறினால் மூன்று துவைப்புக்கும் போகாது. தூ மாமா ஒரு அலுமினியத் தொட்டி நிறையச் செத்த மட்டியைக் கொண்டுவந்து டீ மேஜைமேல் வைத்தார். பிங்-குன் அன்றைக்கு ஊரில் இருந்தான்.

“இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி மாமா. தண்ணி சூடாகிடுச்சு.”

“நாப்பது வருஷமா குட்டை வச்சிருக்கேன். வெயிலுக்குச் சாகுறது எது, விஷத்துக்குச் சாகுறது எதுன்னு எனக்குத் தெரியாதா?”

“நிபுணர்களை வச்சு ஆய்வு பண்ணச் சொல்றேன்.”

“பாரு, எல்லாம் வாயைத் திறந்துகிட்டுச் செத்துக் கிடக்குது” என்றார் தூ மாமா. “உன்ன மாதிரி வாயை மூடிக்கிட்டுப் பொழைக்கத் தெரியல அதுக்கு.”

அவர் போனதும் பிங்-குன் செய்த முதல் வேலை, வாசனைத் தெளிப்பான் வாங்கிவரச் சொன்னது. மல்லிகை வாசனை. அதைத் தெளித்ததும் அறையில் நாற்றம் இரண்டாகிவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் தூ மாமா செத்துப்போனார். நுரையீரல் நோய், வெகுநாளாக இருந்ததுதான். அதைச் சாம்பல் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் குட்டை காலியான பிறகு அவர் மருந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார் என்று பீ-சியா சொன்னாள்.

காரியத்தன்று காலை கார் வந்தது. பிங்-குன் புது மஞ்சள் சட்டையில் இருந்தான். நான் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

“யாரு செத்தது?”

“தூ மாமா.”

போனில் எதையோ பார்த்துக்கொண்டே, “எந்த தூ?” என்றான்.

இரண்டு தெரு தள்ளி அவனே, “ஓ, அந்த மட்டிக்காரரா. எம்பது இருக்கும்ல?” என்றான்.

தெருவை அடைத்துத் துக்கக் கூடாரம் போட்டிருந்தார்கள். ‘நாடாளுமன்றப் பெரியவர் சியாவ் அவர்கள்’ என்று அறிவிப்பாளர் நீட்டி முழக்கினார். அவன் ஊதுவத்தியை வாங்கி, படத்துக்கு மூன்று முறை குனிந்தான். நிமிரும்போது கண்ணில் தண்ணீர் இருந்தது. தோள் குலுங்கியது. சத்தமாகவே அழுதான். துக்கத்துக்கான சணல் துணி போட்டிருந்த பீ-சியா முழங்காலில் இருந்து எழுந்து வந்தாள். அழவில்லை.

“அழாதீங்க குன் அண்ணே” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. “அதையும் செலவழிச்சுட்டா அடுத்த கட்சிக்கு என்ன பண்ணுவீங்க?”

அவன் பெயரில் வாசகம் எழுதி அனுப்பிய இரங்கல் துணியைக் கயிற்றிலிருந்து உருவி, மடித்து, பரிசுப்பொருள் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள். அதில் இருந்த நான்கு சீன எழுத்தும் நான் தேர்ந்தெடுத்தவை. அர்த்தம்: ‘நல்லோர் வாழ்வு நிலைக்கும்.’

அவன் அதை வாங்கி என் கையில் திணித்து, “வா, அடுத்து ரெண்டு வீடு இருக்கு” என்றான். முகத்தில் தண்ணீர் காயவில்லை. குரலில் அழுகையின் சுவடே இல்லை.

“நீ போ” என்றேன். பத்தொன்பது வருடத்தில் நான் அவனிடம் சொன்ன மிகச் சின்ன வாக்கியம் அதுதான். எனக்கும் ஒரு மஞ்சள் சட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். அதைக் கழற்றி, துணியோடு சேர்த்துக் கார் இருக்கையில் போட்டேன். கூடாரத்தின் மூலையில் பெண்கள் எரிப்பதற்கான சாமிக் காகிதம் மடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் உட்கார்ந்தேன். யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை.

பிறகு நடந்ததை ஊர் அறியும். அடுத்த தேர்தலுக்கு அரக்குக் கட்சிக்கே திரும்பப் போய் இடம் கேட்டான். கொடுத்தார்கள். தோற்றான், கேவலமாக. கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தைபேயில் வீடு, சில வருடம் தொலைக்காட்சி விவாதங்களில் உட்கார்ந்து அரசியல் நேர்மை பற்றிப் பேசினான். நல்ல ஆரோக்கியம், கன்னமெல்லாம் சிவந்திருக்கும். சாம்பல் லாரிகளும் நின்றன, போராட்டத்தால் அல்ல, உப்பளம் நிரம்பிவிட்டது.

நான் சாம்பல் வழக்கில் போய்ச் சாட்சி சொன்னேன். சத்திய வாசகம், ஃபேக்ஸ், எல்லாம் கொடுத்தேன். வழக்கு இன்னும் நடக்கிறது. பிழைப்புக்குச் சிப்பி உடைக்கிற கொட்டகையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் பீ-சியா என்னோடு பேசவில்லை. ஒருநாள், “கத்தியை அப்படிப் பிடிச்சா கை போயிடும், இப்படிப் பிடி” என்றாள். இப்போது பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறோம்.

போன மாதம் அவன் திரும்பி வந்திருக்கிறான், நகரத் தலைவர் பதவிக்கு. மறுபடியும் வெள்ளைச் சட்டை. வெடி, மேளம், பின்னால் ஒலிபெருக்கி வண்டி. கொட்டகைக்குள் வந்து வரிசையாக ஒவ்வொருத்தி கையையும் பிடித்துக் குலுக்கினான். பெண்கள் யாரும் எழுந்து முதுகைக் காட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. சிப்பியைப் பார்த்தபடி உடைத்துக்கொண்டே இருந்தார்கள். என் முறை வந்தது. நான் தலையில் துணி கட்டி, முகக்கவசம் போட்டிருந்தேன். கண் மட்டும் தெரியும். அந்தக் கண்ணை ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவனுக்குத் தெரியும்.

என் ஈரக் கையுறையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான்.

“வணக்கம் அக்கா. நான் சியாவ் பிங்-குன், எண் மூணு. உங்க மகன் மாதிரி நெனச்சுக்கங்க.”

என்னைவிட நான்கு மாதம் மூத்தவன்.

அவன் பார்வை அதற்குள் பீ-சியாவைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. கூட வந்த இளம்பெண், என் பழைய வேலையில் இருப்பவள், அவன் கேட்காமலேயே ஈரக் காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். நடந்துகொண்டே விரல் விரலாகத் துடைத்தான்.

“யாருன்னு தெரியலியா அவனுக்கு?” என்றாள் பீ-சியா.

“தெரியல.”

“நல்லதுதான்” என்றாள் அவள், தொட்டியை என் பக்கம் தள்ளியபடி. “இத முடி. நாலு மணிக்கு லாரி வந்துடும்.”